காட்டுக் காளான்: ‘சாப்பிடலாமா’ என்பதற்கு முன் ‘இது எது’

காட்டில் ஒரு காளானைக் கண்டதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி, “இதைச் சாப்பிடலாமா?” என்பதுதான். இயல்பான கேள்விதான். ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால் சரியான பதிலுக்குப் போய்ச் சேரவே முடியாது. முதலில் கேட்க வேண்டியது, “இது எது?” என்பது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு பேருந்து நிலையத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். உங்கள் வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். யாரிடம் கொடுப்பீர்கள்? மூக்கு கூர்மையாக இருப்பவர் நம்பகமானவர், வெள்ளைச் சட்டை போட்டவர் நேர்மையானவர் என்று விதி வகுத்துக்கொண்டு யாரும் சாவியை நீட்டுவதில்லை. அந்தக் கூட்டத்தில் உங்கள் தங்கை நின்றால் அவளிடம் கொடுப்பீர்கள். நம்பகம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அவள் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

காளான் விஷயமும் அப்படியே. விஷமில்லாத காளான்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடையாளத்தை இயற்கை வைக்கவில்லை. இனங்கள் இருக்கின்றன, ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கே உரிய உடலமைப்பு இருக்கிறது. ஓர் இனத்தின் பெயர் உறுதியாகத் தெரிந்துவிட்டால், அதை உண்டவர்களின் நெடுநாள் அனுபவமும் மருத்துவக் குறிப்புகளும் அந்தப் பெயரோடு சேர்ந்து நம் கைக்கு வருகின்றன. பெயர் தெரியாவிட்டால் எதுவும் வருவதில்லை. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதன் விரிவுதான்.

சுருக்குவழிகள் ஏன் கைவிடுகின்றன

காளானைச் சோதிக்கப் பல நாடுகளிலும் பலவகை உபாயங்கள் புழங்குகின்றன. கொதிக்கும் காளானில் வெள்ளிக் கரண்டியைப் போடு, கறுத்தால் விஷம் என்பது அவற்றில் மிகப் பரவலானது. வெள்ளியைக் கறுக்கச் செய்பவை சில கந்தகச் சேர்மங்கள். முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டியும் அதனால்தான் கறுக்கிறது. முட்டையில் விஷம் ஏது? உலகின் மிகக் கொடிய காளானான டெத் கேப்பில் உள்ள விஷம் வெள்ளியை ஒன்றும் செய்வதில்லை.

பூச்சி அரித்திருந்தால் நமக்கும் ஆகும் என்பது இன்னொன்று. நத்தைகள் டெத் கேப்பைத் தின்றுவிட்டு ஊர்ந்து போகின்றன. அவற்றின் உடல் வேறு, நம் கல்லீரல் வேறு. குடையின் மேல்தோல் எளிதாக உரிந்தால் நல்லது என்பார்கள். டெத் கேப்பின் தோலும் அழகாக உரியும். பளீரென்ற நிறம்தான் ஆபத்து, வெள்ளை பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு ‘வெளுத்ததெல்லாம் பால் அல்ல’ என்ற பழமொழியையே நினைவூட்ட வேண்டும். டெத் கேப் சேர்ந்திருக்கும் அமானிட்டா என்ற பேரினத்தில், தூய வெள்ளை நிறத்தில் நிற்கும் இனங்கள் சில உயிரைக் குடிப்பவை. மரத்தில் முளைப்பவை எல்லாம் நல்லவை என்ற நம்பிக்கையை காலெரினா மார்ஜினேட்டா என்ற சிறிய பழுப்புக் காளான் உடைக்கிறது. மட்கும் மரத்தில்தான் அது வளர்கிறது. டெத் கேப்பின் அதே விஷம் அதற்குள்ளும் இருக்கிறது.

“நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும்” என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. சில காளான்களின் நச்சுப்பொருள்கள் சூட்டில் சிதையவே செய்கின்றன. மோரல் என்ற காளான் சமைத்தால் உணவு, பச்சையாகத் தின்றால் உடலைப் படுத்தும். டெத் கேப்பின் விஷமோ கொதிக்க வைத்தாலும், வெயிலில் காய வைத்தாலும், உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். எந்த விஷம் சூட்டில் சிதையும், எது சிதையாது என்பது இனத்தைப் பொறுத்தது. மறுபடியும் பெயரிடம்தான் வந்து நிற்கிறோம்.

இவ்வளவு பொய்யான விதிகள் எப்படி நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருக்கின்றன? காட்டில் உள்ள பெரும்பாலான காளான்கள் ஆளைக் கொல்பவை அல்ல. ஆகவே எந்தத் தப்பான விதியும் பலமுறை ‘பலித்தது’ போலத் தோன்றும். பலிக்காத அந்த ஒரு முறையில் விதியைச் சோதித்தவர் அதைச் சொல்ல இருப்பதில்லை. எனக்கு இந்த விதிகள் மேல் உள்ள கோபம் இதனால்தான். அவை பொய்யென்று தெரியவருவதற்குள் நம்பிக்கை ஊறிப்போய்விடுகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: விஷக் காளானைக் காட்டிக்கொடுக்கும் பொதுச் சோதனை எதுவும் இல்லை. ஒவ்வோர் இனமாகத்தான் கற்க முடியும்.

மரம் மண்ணுக்குள், பழம் வெளியே

அடையாளம் காணும் முறை புரிய வேண்டுமென்றால், நாம் கையில் வைத்திருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாமரம் முழுவதும் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது, பழங்கள் மட்டும் மண்ணுக்கு மேலே தலைகாட்டுகின்றன என்று கற்பனை செய்யுங்கள். காளான் அந்தப் பழம். உண்மையான உயிரி மண்ணிலும் மட்கும் இலைகளிலும் மரத்துக்குள்ளும் வலைபோலப் பின்னிக் கிடக்கும் நுண்ணிய இழைகள். இந்த இழைவலைக்கு மைசீலியம் என்று பெயர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அர்மில்லேரியா என்ற பூஞ்சையின் ஒரே ஓர் உயிரி ஏறத்தாழ 965 ஹெக்டேர் பரப்பில் மண்ணுக்கடியில் விரிந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஆங்காங்கே தலைநீட்டும் சிறு காளான்களைத் தவிர, நடந்து போகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பூஞ்சை தாவரம் அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது. தன் உணவைத் தானே தயாரிக்காது. சில பூஞ்சைகள் செத்த மரத்தை மட்கவைத்து உண்கின்றன. சில உயிருள்ள மரத்தின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கின்றன. மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் திரட்டி வேருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மரம் தயாரித்த சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885-இல் இந்தக் கூட்டுவாழ்வுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார்.

காளான் தேடுபவருக்கு இந்தத் தகவல் எதற்கு? காளானுக்கு முகவரி கொடுப்பது இதுதான். மைக்கோரைசா காளான் தன் கூட்டாளி மரம் இல்லாத இடத்தில் முளைக்காது. மட்குண்ணிக் காளான் தனக்கேற்ற மட்கு இல்லாத இடத்தில் வராது. எனவே “எந்த மரத்தடியில், எதிலிருந்து முளைத்திருந்தது?” என்பது அடையாளத்தின் ஒரு பகுதியே. கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அந்தத் தகவல் போய்விடுகிறது. ஒரு படத்தை மட்டும் காட்டி “இது என்ன காளான்?” என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்

புதிதாகப் பார்ப்பவரின் கண் குடையின் மேற்பரப்பில் போய் நின்றுவிடும். நிறம், பளபளப்பு, புள்ளிகள். உண்மையில் காளானில் மிகக் குறைவாக நம்பத்தக்க பகுதி அதுதான். வெயிலில் வெளிறும், மழையில் கழுவப்படும். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளிகளோடு படங்களில் வரும் அமானிட்டா மஸ்கேரியாவின் புள்ளிகள், ஒரு நல்ல மழைக்குப் பிறகு காணாமல் போய்விடலாம். வயதும் உருவத்தை மாற்றும். இளங்காளான் உருண்டையாக இருக்கும், முதிர்ந்தது தட்டையாகவோ குழிந்தோ இருக்கும். ஒரே இனத்தை மூன்று நான்கு வயதுகளில் பார்க்காமல் அதைத் தெரியும் என்று சொல்லக்கூடாது.

குடையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம்தான் பேசும் பக்கம். பல காளான்களில் அங்கே புத்தகத் தாள்கள் போல மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும்; இவை செவுள்கள். சிலவற்றில் செவுளுக்குப் பதில் பஞ்சுபோலத் துளைகள் இருக்கும். இன்னும் சிலவற்றில் சிறு முட்கள் தொங்கும். ஹிட்னம் என்ற உண்ணத்தக்க காளான் இந்த முட்களால்தான் தொடக்கநிலையினருக்கு நல்ல தோழன்; செவுளுள்ள கொடிய இனங்களோடு அதைக் குழப்பிக்கொள்ள இடமே இல்லை. செவுள் இருந்தால், அது தண்டைத் தொடாமல் விலகி நிற்கிறதா, தண்டோடு ஒட்டுகிறதா, தண்டில் வழிந்து கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்டு. அதில் பாவாடை விளிம்பு போல ஒரு வளையம் தொங்குகிறதா? அடியில் கிழிந்த முட்டை ஓடு போல ஓர் உறை இருக்கிறதா? இந்த அடியுறைக்கு வோல்வா என்று பெயர். சில காளான்கள் பிறக்கும்போது முழு உடலையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கும். காளான் வளர்ந்து சவ்வைக் கிழித்துக்கொண்டு எழும்போது, அடியில் மிஞ்சும் பகுதிதான் வோல்வா. டெத் கேப்பின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று இது. பெரும்பாலும் அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். தண்டைப் பாதியில் கத்தியால் நறுக்கி எடுப்பவர், தன் உயிரைக் காப்பாற்றக்கூடிய சாட்சியை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார். அடையாளம் காண வேண்டிய காளானை அடியோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். டெத் கேப்பைக் கையால் தொடுவதால் விஷம் ஏறாது என்பதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முட்டைப் பருவத்தில் உள்ளவற்றை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பார்ப்பது கட்டாயம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே வெள்ளை உருண்டைகள். உள்ளே குடையும் செவுளும் தண்டும் கொண்ட ஒரு குட்டிக் காளானின் உருவம் தெரிந்தால், அது அமானிட்டாவாக இருக்கலாம், கீழே வைத்துவிடுங்கள்.

வெட்டிய சதையின் நிறம் மாறுகிறதா என்பதும் ஒரு குறிப்பு. துளையுள்ள காளான்கள் சில வெட்டியவுடன் நீலமாகிவிடும். பார்க்க அச்சமாகத்தான் இருக்கும். ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாவது போல, சதையில் உள்ள பொருள் காற்றோடு வினைபுரிவதன் விளைவு அது. விஷத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. இனத்தைக் கண்டறிய உதவும் ஒரு தடயம், அவ்வளவே.

ஒரே இரவில் கிடைக்கும் சாட்சி

கண்ணுக்குத் தெரிவதை விட நம்பகமான ஒரு தடயம் இருக்கிறது. செலவில்லாதது, ஆச்சரியமாக அழகானதும்கூட. காளானின் வேலையே ஸ்போர்களைக் காற்றில் விடுவதுதான். ஸ்போர் என்பது பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள். தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்தால் அதன் நிறம் தெரியும். அந்த நிறம் இனத்துக்கு இனம் பெரிதும் நிலையானது. வெயிலும் மழையும் குடையின் நிறத்தை மாற்றுவது போல ஸ்போரின் நிறத்தை மாற்றிவிட முடிவதில்லை. ஸ்வீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் ஃபிரீஸ் 1821-இல் வெளியிடத் தொடங்கிய தன் வகைப்பாட்டில் ஸ்போர் நிறத்துக்கு முக்கிய இடம் கொடுத்தார். இன்றும் காளான் கையேடுகள் அதைக் கைவிடவில்லை.

செய்முறை எளிது. முதிர்ந்த காளானின் தண்டை நீக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் குடையைச் செவுள்கள் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு கண்ணாடிக் கோப்பையால் மூடுங்கள். காலையில் குடையை எடுத்தால், செவுள்களின் வடிவம் அப்படியே தாளில் தூளாகப் பதிந்திருக்கும். அமானிட்டாக்கள் வெள்ளையாகப் பதியும்; அதனால்தான் கறுப்புத் தாளும் வேண்டும். கடையில் விற்கும் மொட்டுக் காளானின் உறவினர்களான அகாரிகஸ் இனங்கள் சாக்லேட் பழுப்பு. கார்ட்டினேரியஸ் இனங்கள் துருப்பிடித்த இரும்பின் நிறம்.

செவுளின் நிறமும் ஸ்போரின் நிறமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை மறக்கக்கூடாது. செவுளைப் பார்த்து ஊகிப்பது வேறு, பதிவு எடுப்பது வேறு. ஸ்போர் நிறம் மட்டுமே ஓர் இனத்தை உறுதிசெய்துவிடாது என்பதும் உண்மை. அது பல தவறான பெயர்களை ஒரே இரவில் வெட்டித் தள்ளும். அதுதான் அதன் பலம்.

ஒரு சுருக்கம்: முளைத்த இடம், குடையின் அடிப்பக்கம், தண்டும் அதன் அடியும், வெட்டிய உட்பகுதி, மணம், ஸ்போர் பதிவு. இவை எல்லாம் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் அந்தப் பெயர் தவறு என்றே கொள்ள வேண்டும். ஐந்து பொருந்துகிறது, ஒன்றுதானே பொருந்தவில்லை என்று வாக்கெடுப்பு நடத்த இங்கே இடமில்லை.

ஒரு காளானை முழுதாகப் பார்ப்போம்: சாந்தரெல்

சாந்தரெல், காட்டுக் காளான்களில் உலகப் புகழ் பெற்றது. அறிவியல் பெயர் கேந்தரெல்லஸ் சிபேரியஸ். கோப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஓக், பீச், பைன், ஸ்ப்ரூஸ் போன்ற மரங்களோடு மைக்கோரைசா உறவில் வாழ்வதால், மொட்டுக் காளானைப் போலக் கூடங்களில் வளர்த்து விற்க முடிவதில்லை. வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

முட்டையின் மஞ்சள் கருவின் நிறம். இளமையில் குடையின் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும். முதிரும்போது நடுப்பகுதி குழிந்து விளிம்பு அலை அலையாகும். தண்டு உள்ளீடற்றதாக இல்லாமல் கெட்டியாக, கீழ்நோக்கிச் சற்றே ஒடுங்கி, குடையின் நிறத்திலேயே இருக்கும். வளையமும் கிடையாது, வோல்வாவும் கிடையாது. மண்ணிலிருந்து தனித்தனியாகவோ சிதறிய கூட்டமாகவோ எழும்.

அதன் கையொப்பம் குடையின் அடியில் இருக்கிறது. செவுள்கள் போலத் தோன்றினாலும் அவை உண்மையான செவுள்கள் அல்ல, மடிப்புகள். உருகிய மெழுகு வழிந்து இறுகியது போல, விளிம்பு மழுங்கி, கிளைத்துக் கிளைத்து, ஒன்றோடொன்று குறுக்கே இணைந்து, தண்டின் மேல் வழிந்து இறங்கும். நகத்தால் சுரண்டித் தனியே பிரிக்க முயன்றால் வராது. சதையோடு சதையாக இருக்கும். உண்மையான செவுளோ தாள் போல மெல்லியது, கூர்விளிம்புள்ளது, தனியே உரிந்து வரக்கூடியது. இந்த வித்தியாசத்தைப் படித்து அறிவதைவிடத் தொட்டு அறிவது எளிது. விரல் நுனிக்கு ஒருமுறை புரிந்துவிட்டால் பிறகு மறப்பதில்லை.

சதையை நெடுக்காகக் கிழித்தால் நார்நாராகப் பிரியும். உள்ளே வெளிறிய வெண்மை. மணம் ஆப்ரிகாட் பழத்தை நினைவூட்டும். ஸ்போர் பதிவு வெளிறிய மஞ்சள் அல்லது பாலாடை நிறம்.

இப்போது இதன் போலிகளுக்கு வருவோம். ஒரு காளானைத் தெரியும் என்பதன் பொருள், அதன் போலிகளையும் தெரியும் என்பதே.

ஜாக் ஓ லாண்டர்ன் என்று அழைக்கப்படும் ஓம்ஃபலோட்டஸ் காளான் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முளைக்கும். செவுள்கள் கத்தி விளிம்பு போல மெலிந்தவை. கிழித்தால் உள்ளேயும் ஆரஞ்சு. இருட்டில் மங்கலாக ஒளிரக்கூடியது. இலூடின் என்ற நச்சு கடும் வாந்தியையும் வயிற்று வலியையும் தரும். மரத்தில் வளர்வது அது, மண்ணில் வளர்வது சாந்தரெல் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். மண்ணுக்குள் புதைந்த வேரிலிருந்தும் அது எழும். அப்போது மண்ணில் முளைத்தது போலவே தெரியும். தோண்டிப் பார்த்தால் தண்டுகள் ஒரே அடியில் சேர்வது தெரியும்.

போலிச் சாந்தரெல் என்றே பெயர் பெற்ற ஹைக்ரோஃபோராப்சிஸ் இன்னும் நெருக்கமான போலி. ஊசியிலைக் குப்பையில் வளரும். அதன் செவுள்களும் கிளைக்கும், தண்டில் இறங்கும். ஆனால் அவை மெல்லியவை, நெருக்கமானவை, நிறம் குடையைவிட அழுத்தமான ஆரஞ்சு. விரலால் தள்ளினால் குடையிலிருந்து பிரிந்துவிடும். உயிருக்கு ஆபத்தானதாக அறியப்படவில்லை என்றாலும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது மூன்றாவதை. சாந்தரெல் வளரும் அதே ஊசியிலைக் காடுகளில் கார்ட்டினேரியஸ் ரூபெல்லஸ் என்ற செம்பழுப்புக் காளானும் வளர்கிறது. அதில் உள்ள ஓரெல்லானின் என்ற நச்சு சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. அறிகுறிகள் வெளிப்பட 2 நாள் முதல் 3 வாரம் வரை ஆகலாம். இந்தத் தாமதத்தால், இதன் உறவினமான ஒரு காளானை விஷம் என்றே வெகுகாலம் யாரும் சந்தேகிக்கவில்லை. 1950களில் போலந்தில் நூறு பேருக்கு மேல் நோயுற்ற பிறகே மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் கிஷிமாலாவின் ஆய்வு அந்தக் காளானைக் குற்றவாளியாகக் காட்டியது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சாந்தரெலுக்கும் இதற்கும் ஒற்றுமை குறைவு: உண்மையான செவுள்கள், துருநிறப் பதிவு, இளமையில் விளிம்புக்கும் தண்டுக்கும் இடையே சிலந்திவலை போன்ற திரை. பிறகு எப்படித் தவறு நேர்கிறது? ஒரு நல்ல கொத்தைக் கண்ட மகிழ்ச்சியில் சுற்றியுள்ளவற்றையும் வாரிப் போடும்போதுதான். பறிக்கும் ஒவ்வொரு காளானையும் தனித்தனியாகத் திருப்பிப் பார்த்தே கூடையில் போட வேண்டும்.

நிலம் மாறினால் அறிவும் மாற வேண்டும்

2012 புத்தாண்டை ஒட்டி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டெத் கேப் கலந்த உணவை உண்டு இருவர் உயிரிழந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட ஓக் மரங்களின் வேரோடு டெத் கேப்பும் அந்த நிலத்துக்குக் குடியேறியிருந்தது. ஆசிய நாடுகளில் பரவலாக உண்ணப்படும் வைக்கோல் காளானை அறிந்தவர்களுக்கு டெத் கேப் பழகிய முகம் போலத் தோன்றுகிறது. இரண்டுக்கும் அடியில் வோல்வா உண்டு. முட்டைப் பருவத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். வளர்ந்தபின் வேறுபாடு தெரியும்: வைக்கோல் காளானுக்கு வளையம் இல்லை, ஸ்போர் இளஞ்சிவப்பு, டெத் கேப்புக்கு வளையம் உண்டு, ஸ்போர் வெள்ளை. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறியவர்கள் இந்த ஒற்றுமையால் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

அறியாமையால் நேர்ந்தது என்று இதைச் சொல்லிவிட முடியாது. வைக்கோல் காளானைப் பற்றிய அறிவு, டெத் கேப் இல்லாத நிலத்தில் உருவான அறிவு. அங்கே “இதற்குப் போலி எது?” என்ற கேள்விக்கு விடை வேறு. புதிய காட்டில் நுழையும்போது பழைய நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் காட்டின் போலிகளை முதலிலிருந்து கற்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு

டெத் கேப்பின் விஷத்துக்கு அமாடாக்சின் என்று பெயர். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் சமையல் குறிப்பேடு போல டி.என்.ஏ. இருக்கிறது. மூலப் பிரதியை வெளியே கொடுக்க முடியாது. ஓர் எழுத்தர் தேவையான பக்கத்தை நகலெடுத்துக் கொடுக்கிறார், அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. அந்த எழுத்தர்தான் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. அமாடாக்சின் அந்த எழுத்தரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. நகல் நின்றால் புரதம் நிற்கும். புரதம் நின்றால் செல் மெதுவாகச் சாகும். விஷத்தை அதிகம் உள்வாங்கும் கல்லீரல்தான் அதிகம் அடிபடுகிறது. பித்தநீரோடு குடலுக்குப் போகும் விஷம் அங்கிருந்து மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது.

இந்த வழிமுறை மெதுவானது என்பதால் நோயும் தாமதித்து வருகிறது. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. சுவையாக இருந்தது என்றே பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு ஓரிரு நாளில் குணமாவது போலத் தோன்றும். அந்த இடைவெளியில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரைக் கொல்ல ஒரே ஒரு காளான் போதும். “கொஞ்சம் தின்று பார்த்து, ஒரு மணி நேரம் பொறுத்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற சோதனை எவ்வளவு பயனற்றது என்பது இப்போது விளங்கும்.

‘உண்ணத்தக்கது’ என்ற பட்டியலும்கூட அசையாதது இல்லை. பாக்சில்லஸ் இன்வொலூட்டஸ் என்ற பழுப்புக் காளானை ஐரோப்பாவின் சில பகுதிகளில் மக்கள் வெகுகாலம் சமைத்து உண்டார்கள். அதை உண்ட ஜெர்மானியக் காளான் அறிஞர் யூலியஸ் ஷாஃபர் 1944-இல் உயிரிழந்தார். பலமுறை உண்டபின் சிலரது உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த இரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கத் தொடங்குகிறது என்று பின்னர் தெரியவந்தது. நல்ல உணவென்று பெயர் வாங்கியிருந்த ட்ரைக்கலோமா எக்வெஸ்ட்ரேவைத் தொடர்ந்து பலவேளை உண்டவர்களுக்குத் தசை சிதைந்ததாக 2001-இல் பிரான்சிலிருந்து மருத்துவ அறிக்கை வந்தது. பாதிக்கப்பட்ட 12 பேரில் மூவர் இறந்திருந்தார்கள். ஆகவே பழைய கையேட்டின் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், புதிய பதிப்பைப் பாருங்கள்.

முதல் முறை

என் யோசனை: முதல் பருவத்தில் எதையும் உண்ண வேண்டாம். ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்து, அதையும் அதன் போலிகளையும் காட்டில் தேடி, ஸ்போர் பதிவெடுத்து, குறிப்பெழுதுங்கள். அந்தப் பகுதியில் நீண்டகாலம் காளான் பார்த்துப் பழகியவருடன் நடப்பது பத்துப் புத்தகங்களுக்குச் சமம். அவர் காளானைக் கையில் எடுத்ததும் முதலில் எதைத் திருப்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். படமெடுத்தால் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் தேடலுக்கு ஒரு தொடக்கம் தரலாம். அவற்றுக்கு மண்ணுக்குள் இருக்கும் வோல்வா தெரியாது, மணம் தெரியாது, சதையைக் கிழித்துப் பார்க்க முடியாது. உண்பதற்கான தீர்ப்பை அவற்றிடம் விடவே கூடாது.

ஒருநாள் எல்லாத் தடயங்களும் ஒரே பெயரைச் சொல்லி, அனுபவசாலி ஒருவரும் கையில் வாங்கிப் பார்த்து ஒப்புக்கொண்டபின், நன்றாகச் சமைத்து, சிறிதளவே உண்ணுங்கள். முதல் முறையில் இரண்டு இனங்களைக் கலக்காதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். நல்ல காளானும் சிலரது உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சமைக்காத ஒரு முழுக் காளானைத் தாளில் சுற்றி, பறித்த இடத்தையும் நாளையும் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் சில நாள் வையுங்கள்.

காட்டுக் காளான் உண்டபின் எப்போது வயிறு கலங்கினாலும், மறுநாளே ஆனாலும், தானாகச் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மிச்சக் காளானைக் கையோடு கொண்டுபோய், எத்தனை மணிக்கு உண்டீர்கள், உடன் உண்டவர்கள் யார் யார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய் தெரியாவிட்டாலும் உடன் உண்டவர்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.